நெளிவு சுளிவுக்கு ஒரு சான்றிதழ்

ஜூன் 3

அன்பு மகள் சீட்டுக்காரிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்து என் குணம் அதற்கு ஒட்டிக்கொண்டது. உனக்கு வேளைக்குச் சாப்பாடு ஆகிறதா? தலைவலி போயிற்றா?

‘என் மகள் பெரிய ஊர்ல சீட்டு எழுதுறா’ என்று அம்மா கடைத்தெருவில் பெருமையடித்திருக்கிறாள். கடைக்காரர், “எழுதுறதோட நிறுத்திக்கச் சொல்லுங்கம்மா, ஆட ஆரம்பிச்சா விடாது” என்றாராம். அகராதி ஆபீசில் ஒவ்வொரு வார்த்தையையும், யார் எங்கே எப்படிச் சொன்னார்கள் என்று சின்னக் காகிதத்தில் எழுதி இழுப்பறையில் அடுக்குகிற வேலை என்று நான் போய் விளக்கினேன். “அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?” என்றார்.

இப்போது எனக்கே ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது. மே இருபதாம் தேதி மத்தியானம் நான் ஓட்டி வந்த நம் பயணப் படகு மணல்திட்டில் முட்டிவிட்டது. பெரிய விஷயமில்லை. பெரிய வளைவு உனக்குத் தெரியும், கால் மணி நேரத் தூரத்தை முக்கால் மணி ஆக்குகிற வளைவு. அதன் குறுக்கே ஒரு வாய்க்கால் உண்டு. வெள்ளக் காலத்தில் அதில் போகலாம், தண்ணீர் இறங்கிய மாதங்களில் போகக் கூடாது என்பது உத்தரவு. இரண்டு வழியும் சேருகிற இடத்தில் முட்டியதால், எந்த வழியாக வந்தாய் என்று கேட்கிறார்கள்.

அன்றைய குறிப்பேட்டில் நான் ‘நெளிவு சுளிவு பார்த்து வந்தோம்’ என்று எழுதியிருக்கிறேன். விசாரணை அதிகாரி, “நெளிவு சுளிவுன்னா என்ன, குறுக்கு வழியா?” என்கிறார். “ஐயா, ஆத்தோட வளைவுங்க” என்றேன். “உங்க இஷ்டத்துக்கு அர்த்தம் சொன்னா எப்படி?” என்றார். நான் விடவில்லை. “அகராதி ஆபீசையே கேட்டுப் பாருங்க, என் பொண்ணு அங்கேதான் இருக்கா” என்று சொல்லிவிட்டேன்.

எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன் நான், கூட்டிப் பார்த்தால் ஒன்பது. அது போதவில்லை. அந்த வார்த்தை எங்கே பிறந்தது, என்ன அர்த்தம் என்று ஆபீஸ் முத்திரையோடு ஒரு சான்றிதழ் அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


ஜூன் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். தலைவலி போய்விட்டது, கண்ணாடிதான் காரணம். அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கொடுக்கச் சொல்லி அவளிடம் சொல்லாதீர்கள், நீங்கள் கொடுங்கள்.

உங்கள் வார்த்தையை எடுத்துப் பார்த்தேன். நெளிவு என்பது நெளி என்ற வினையிலிருந்து வருகிறது. புழு நெளியும், பாம்பு நெளியும், கீழே விழுந்தால் பாத்திரம் நெளியும். வளைந்து வளைந்து ஓடுவதால் ஆறும் பாதையும் நெளியும். சுளிவுதான் தகராறு பிடித்தது. தண்ணீர்ச் சுழி, தலையில் இருக்கும் சுழி, இந்தச் சுழியிலிருந்து வந்த ‘சுழிவு’ பேச்சில் ‘சுளிவு’ ஆயிற்று என்று எங்கள் ஆபீசில் ஒரு கட்சி. முகம் சுளிக்கிறோமே, அந்தச் சுளிதான் என்று இன்னொரு கட்சி. தலைமை ஆசிரியர் இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் காற்புள்ளி ஐயா. எதையும் முற்றுப்புள்ளி வைத்து முடிக்கமாட்டார்.

ஆக, முதல் அர்த்தம் வளைவும் திருப்பமும். அதில் சிக்கல் இல்லை. ஆனால் இரண்டாவது அர்த்தமும் இருக்கிறது அப்பா. வளைவுகளைத் தெரிந்தவன் தடங்கல் இல்லாமல் போய்விடுவான் அல்லவா? அதனால் ஒரு காரியத்தைச் சாதிக்கிற சூட்சுமத்துக்கும் சாமர்த்தியத்துக்கும் அதே பெயர் வந்துவிட்டது. இன்று பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த அர்த்தத்தில்தான் பேசுகிறார்கள்.

நீங்கள் எந்த அர்த்தத்தில் எழுதினீர்கள்?

யாருக்காவது அடிபட்டதா? நீங்கள் எழுதவில்லை. எண்ணெய் மாமா எப்படி இருக்கிறார்? இன்ஜின் குழிக்குள் உட்கார்ந்திருப்பவர், மோதியபோது தலையில் இடித்துக்கொண்டிருப்பாரே.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்


ஜூன் 20

அன்பு மகளுக்கு,

அப்பா. நாங்கள் நலம், நீ நலமாக இரு.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். இத்தனை வருஷமாகச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு புழுவுக்குத்தான் உறவாக இருந்தேன் என்று தெரியாமல் போயிற்றே! அம்மாவிடம் சொன்னேன். “உங்களை நெளிய வெச்சுப் பார்த்தவ நான், எனக்கு அப்பவே தெரியும்” என்றாள்.

முதல் அர்த்தம் ஒன்றே எனக்குப் போதும். அதை மட்டும் எழுதி முத்திரை போட்டு அனுப்பு. கேட்ட அளவுக்குத் தையல்காரன் துணி வெட்டினால் போதாதா, ஊரில் இருக்கிற எல்லா அளவும் எதற்கு?

அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்தாயிற்று. ‘பெரிய வளைவைச் சுற்றித்தான் வந்தேன், கடைசித் திருப்பத்தில் இன்ஜின் தளர்ந்த மாதிரி இருந்தது’ என்று சொன்னேன். வேகம் குறைந்தால் நீரோட்டம் திட்டுப் பக்கம் தள்ளும், அது யாருக்கும் தெரிந்த சங்கதி. பயணிகள் ஒன்பது பேர். வெயிலுக்காக இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு லேசாகக் கையில் அடி.

எனக்கு இப்போது கரையில் வேலை. கயிறு எண்ணுகிறேன். ஒவ்வொரு தரம் எண்ணும்போதும் வேறு கணக்கு வருகிறது. அதற்கும் ஒரு விசாரணை வைத்தால் ஆச்சரியமில்லை.

உன் அப்பா

(ஓரத்தில், அம்மாவின் கையெழுத்து)
கண்ணு, கடிதத்தைத் தபாலில் போட என்னிடம் கொடுத்தார். அடி பட்டது தையல்கார அம்மாவுக்கு. வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள், இனிமேல் கத்தரி பிடிக்க முடியுமா என்று தெரியாது. எண்ணெய் அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்ஜினைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பேச்சு. இதெல்லாம் அப்பா எழுதமாட்டார்.


ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமென நம்புகிறேன். அம்மா ஓரத்தில் எழுதியதைப் படித்தேன், அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது. விசாரணை அதிகாரி எங்கள் தலைமை ஆசிரியருக்கே கடிதம் போட்டிருக்கிறார். ‘நெளிவு சுளிவு’ என்பதன் பொருள் என்ன, உங்களிடம் உள்ள எல்லாச் சான்றுகளின் நகலோடும் தெரிவிக்கவும் என்று. ஐயா அதை என் மேஜையில் வைத்தார். அந்தப் படகோட்டி என் அப்பா என்று சொல்லி, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். “வார்த்தைக்கு அப்பா அம்மா கிடையாதும்மா. சீட்டை எடுத்து வை, நான் திரும்பி வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு இரண்டு மாத வேலையாக வெளியூர் போய்விட்டார்.

இழுப்பறையில் பதினான்கு சீட்டுகள் இருந்தன. பதினொன்றாவது சீட்டு என் கையெழுத்து. சேர்ந்த புதிதில், பேச்சுவழக்கு எங்கே கிடைத்தாலும் எழுதி வைக்கச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது உங்கள் கடிதங்கள்தான். அந்தச் சீட்டை அப்படியே எழுதுகிறேன்:

‘தண்ணி இறங்கின காலத்திலும் குறுக்கு வாய்க்காலில் நுழைந்து வெளியே வர நெளிவு சுளிவு தெரிந்திருக்க வேண்டும். ஆபீசுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.’ தனிக் கடிதம், பயணப் படகோட்டி ஒருவர்.

கீழே தேதி, இரண்டு வருஷத்துக்கு முன்னால். இரண்டாவது அர்த்தத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று அப்போது ஐயா என்னைப் பாராட்டினார்.

அப்பா, மே இருபதாம் தேதி எந்த வழியாக வந்தீர்கள்?

உங்கள் மகள்


ஆகஸ்ட் 2

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது, கயிறுகள் அதிகம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கரை ஆபீசின் கூரை நாலு இடத்தில் ஒழுகுகிறது, நான் ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு ஒத்தடம் கொடுக்கிறேன். முதல் நாள் வெந்நீர் கொஞ்சம் அதிகமாகக் கொதித்துவிட்டது. முழங்கால் வலி மறந்துபோய் அவள் எழுந்து ஓடினாள் என்றால் என் வைத்தியத்தை என்னவென்று சொல்வது!

தையல்கார அம்மாவுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று என்று கேள்வி. விரல் மடங்குகிறதாம்.

நீ எழுதியதைப் பற்றி. அப்பா வாய் பெருத்தவன் என்று உனக்கே தெரியும். மகளிடம் கொஞ்சம் வீரம் பேசியிருப்பேன். ஊரில் உள்ள அப்பன்மார் பேசியதையெல்லாம் இழுப்பறையில் பூட்டி வைத்தால் ஒருவனும் வெளியே நடமாட முடியாது.

இன்னொன்று. பதினான்கு சீட்டு என்கிறாய். காகிதம் என்றால் ஈரம் இருக்கும், கரையான் இருக்கும். பதினான்கு பதிமூன்று ஆவது உலகத்தில் நடக்காததா? நீயே எழுதியது, நீயே அடுக்கியது. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது.

உன் அப்பா


ஆகஸ்ட் 19

மகளுக்கு,

நலம். நீ நலமா? நான் எழுதிப் பதினேழு நாளாகிறது, பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார், பாவம், நான்தான் வழியில் நின்று மடக்குகிறேன்.

போன கடிதத்தின் கடைசிப் பத்தியைத் தமாஷ் என்று வைத்துக்கொள்.

தமாஷாக வைத்துக்கொள்ள முடியாவிட்டால், படிக்காத மாதிரி வைத்துக்கொள். அதுவும் முடியாவிட்டால், இரண்டு வரி எழுதித் திட்டு. நீ திட்டினால் அம்மா சாயல் இருக்கும், எனக்குப் பழக்கம்தான்.

அப்பா


ஆகஸ்ட் 24

அகராதிப் பாப்பாவுக்கு,

எண்ணெய் மாமா எழுதிக்கொள்வது. நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கணும். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க, உன் வேலைதானே அது.

என்னை நிறுத்தி வெச்சிருக்காங்க, அம்மா சொல்லியிருப்பாங்க. அதைப் பத்தி ஒண்ணுமில்லை. ஆனா மனசு ஆறலை. இன்ஜினைப் பிரிச்சுப் பார்க்க அனுமதி வாங்கினேன். இதுவரை மூணு தரம் பிரிச்சு மாட்டிட்டேன். குறை தெரியலை. திருப்பத்துல தளர்ந்துச்சுன்னு உங்கப்பன் சொன்னா தளர்ந்திருக்கும், அவன் மேலே நிக்கிறவன், அவனுக்குத்தான் தெரியும். குழிக்குள்ள இருக்கிற எனக்கு ஆறும் தெரியாது, கரையும் தெரியாது. எனக்குப் பாதிக் காது போயிடுச்சு, சத்தம் மாறினது எனக்குக் கேட்டிருக்காது. அந்தத் தையல்கார அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “உங்க மேல கோபமில்லைங்க, இன்ஜினுக்கு என்ன தெரியும்”னு சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே.

உங்கப்பன் தினமும் சாயங்காலம் வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறான். வேற ஒருத்தன் எட்டிப் பார்க்கலை. அவன் முகம் வாடிக் கிடக்கு, முன்ன மாதிரி கிண்டல் இல்லை. குறிப்பேட்டுல ஏதோ வார்த்தை எழுதிட்டானாம், அதை வெச்சு அவனையும் பிடிப்பாங்களோன்னு பயம். உன் ஆபீசுல எழுதற பேப்பர்ல அவனுக்குச் சாதகமா எழுது பாப்பா. என் தப்புக்கு அவன் வேலை போகக் கூடாது.

சாப்பாட்டை விடாதே.

எண்ணெய் மாமா


செப்டம்பர் 4

அப்பா,

நான் நலமாக இருக்கிறேன். கடிதம் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அந்தப் பதினொன்றாவது சீட்டை எடுத்து என் பைக்குள் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. நானே எழுதிய காகிதம், பஸ் டிக்கெட் அளவுதான் இருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் அது என் பையில் இருந்தது. காலையில் கூட்டத்தில் ஏறும்போது பையைக் கையால் மூடிக்கொள்வேன். இழுப்பறையைத் திறக்கிறவர்களை எல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். பக்கத்து மேஜை அக்கா, “என்னடி, எதையாவது தொலைச்சிட்டியா?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

அப்புறம் எண்ணெய் மாமாவின் கடிதம் வந்தது. அதை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறீர்களா அப்பா?

நேற்றுக் காலை சீட்டைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டேன். ஐயா வந்துவிட்டார். பதினான்கு சீட்டுகளின் நகலும் செப்டம்பர் பதினைந்தாம் தேதித் தபாலில் போகும். அந்தப் படகோட்டி யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை, வாசித்தாலே தெரிந்துவிடும். உங்களைக் காட்டிக்கொடுக்கிற மகள் என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் என்னிடம் உதவி கேட்டவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் உங்களைத்தான் காப்பாற்றச் சொன்னீர்கள். மாமாவைக் காப்பாற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் உங்களுக்கு ஒன்பதாம் தேதி வாக்கில் கிடைக்கும். அதற்குப் பிறகு சில நாட்கள் இருக்கின்றன.

அம்மாவிடம் நான் எதுவும் எழுதவில்லை.

உங்கள் மகள்


செப்டம்பர் 17

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். நான் நடமாடுகிறேன்.

கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. எனக்கு ஆறு நாள் அவகாசம். ஐந்து நாளை வீணாக்கினேன். ஆறாவது நாள், பதினாலாம் தேதி, சட்டையை மாற்றிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். “குறுக்கு வாய்க்கால் வழியாத்தான் வந்தேன். இன்ஜின் தளரலை” என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “என்ன அவசரம் அன்னைக்கு?” என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு அவசரமும் இல்லை. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, மழை வரவில்லை. பல வருஷமாக அப்படி வந்து பழகிவிட்டது, ஒன்றும் ஆனதில்லை, அவ்வளவுதான். புறப்பட்ட நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுகிறவனும் நானேதான், வளைவைச் சுற்றி வந்த கணக்கு வருகிற மாதிரி கால் மணி அரை மணி முன்னாலேயே புறப்பட்டதாகப் போட்டுவிடுவேன். நெளிவு சுளிவு என்று எழுதியதும் தெரியாமல் எழுதியதில்லை. இந்தப் பக்கம் இழுத்தாலும் வரும், அந்தப் பக்கம் இழுத்தாலும் வரும் என்று பார்த்துத்தான் எழுதினேன். உன் ஆபீசில் இரண்டு அர்த்தம் கண்டுபிடிக்க எத்தனை பேர் வேண்டியிருக்கிறது, நான் ஒருவனாகவே கண்டுபிடித்து வைத்திருந்தேன் பார். இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சுக்கான் இனி எனக்கு இல்லை. ஓய்வு வரைக்கும் கயிறா, அதுவும் இல்லையா என்று அடுத்த மாதம் தெரியும்.

அங்கிருந்து நேராகப் படகுக்குப் போனேன். குழிக்குள் எண்ணெய் நாலாம் தரமாக இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. “எண்ணெய், வெளியே வா, ஒண்ணு சொல்லணும்” என்றேன். “அங்கேருந்தே சொல்லு, காதுல விழும்” என்றான். விழுகிற மாதிரிக் கத்திச் சொன்னேன். கரையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

குழிக்குள்ளிருந்தே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்புறம் ஒன்று கேட்டான்.

“அப்ப இன்ஜின் நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். “நீ ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தியே, அப்ப என்னடா நினைச்சுக்கிட்டிருந்தே?” என்றான்.

எதற்கும் எனக்கு ஒரு பதில் வரும் என்பது உனக்குத் தெரியும். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “நீ போ, நான் மாட்டிட்டு வர்றேன்” என்றான். கரையிலேயே நின்றேன். மாட்டி முடித்து வெளியே வந்தவன் நான் நிற்கிற பக்கம் பார்க்காமல் அந்தப் பக்கமாகப் போய்விட்டான்.

அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. நேற்றுக் காலை முதல் பயணத்தில் போனான். மேலே வேறு ஆள். தையல்கார அம்மா வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்தார், கேட்டார், சாத்திக்கொண்டார். அது நியாயம்தான்.

அம்மா என்னிடம் பேசுகிறாள், ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும்.

நீ என்னைக் காட்டிக்கொடுத்தாய் என்று நான் நினைக்கவில்லை. அந்த மூன்று வாரம் உன் பையில் அதை வைத்துக்கொண்டு நீ பஸ்ஸில் போனதைத்தான் நினைக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் இப்படி எழுதுகிறேன்.

எண்ணெய் உனக்கு மறுபடியும் கடிதம் எழுதினாலும் எழுதுவான். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்று நான் கேட்டாலும் சொல்லாதே. ஆனால் அவனுக்கு உடனே பதில் போடு. என்னைப் போல ஒரு மாதம் உட்கார வைக்காதே.

அப்பா